புழு தின்ற தீனியும் குளவியின் தரமும்: ஒட்டுண்ணி வளர்ப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கரும்பில் டிரைக்கோகிரம்மா அட்டை (அந்துப்பூச்சி முட்டைக்குள் வளரும் சிறு ஒட்டுண்ணிக் குளவியைச் சுமக்கும் அட்டை) கட்டியும் இடைக்கணுப்புழு குறையவில்லை என்று விவசாயி வந்து சொன்னால், வெயிலா, மழையா, பக்கத்து வயலில் மருந்து அடித்தார்களா என்று வரிசையாகக் கேட்கிறோம். அந்த அட்டையில் இருந்த முட்டையை இட்ட அந்துப்பூச்சி, தான் புழுவாக இருந்த காலத்தில் எதைத் தின்றது என்று யாரும் கேட்பதில்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான். குளவியின் உடம்பு முழுக்க அது வளர்ந்த புழுவிலிருந்தோ முட்டையிலிருந்தோ எடுத்தது. அந்தப் புழுவின் உடம்பு, டிரேயில் நாம் கொட்டிய தானியத்திலிருந்து வந்தது. தானியத்தில் வைத்த குறை இரண்டு தலைமுறை தாண்டி வயலில் தெரியும்.

தானியம் தின்று வளரும் கார்சைரா அந்துப்பூச்சியை வளர்த்து, அதில் டிரைக்கோகிரம்மா, பிரக்கான், கோனியோசஸ் ஒட்டுண்ணிகளைத் தயாரிக்கும் சிறு கூடங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கடைசிப் பகுதி, வயலில் விட்ட குளவி ஏன் ஓரிடத்தில் பெருகுகிறது, இன்னோர் இடத்தில் ஏன் பெருகவில்லை என்பதைப் பற்றியது. அது விவசாயிகளுக்கும் பயன்படும்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியவை

ஒட்டுண்ணிக் குளவிகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, புழுவைக் கொட்டியதும் அதைச் செயலிழக்க வைத்துவிடும். அதற்கு மேல் புழு ஒரு கவளம்கூடத் தின்னாது. பிரக்கானும் கோனியோசஸும் இந்த வகை. முட்டைக்குள்ளேயே வளரும் டிரைக்கோகிரம்மாவுக்கும் இதே நிலைதான், முட்டைக்குள் இருப்பதுதான் மொத்தச் சாப்பாடு. இன்னொரு வகை, உயிரோடு நடமாடித் தின்றுகொண்டே இருக்கும் பூச்சிக்குள் வளரும். மாவுப்பூச்சியைத் தாக்கும் அனகைரஸ், புழுக்களைத் தாக்கும் கொட்டீசியா, கேம்போலெட்டிஸ் எல்லாம் இப்படி. இங்கே பூச்சி இன்று தின்ற இலை நாளைக்குக் குளவியின் உடம்புக்குள் போகும். அந்த இலையில் நஞ்சு இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும்.

ஆகவே, வளர்ப்புக் கூடத்தில் நாம் கையாளும் மூன்று குளவிகளுக்கும் இருப்பு வைத்துக்கொடுப்பது முழுக்க நம் பொறுப்பு. கொட்டுப்பட்ட பிறகு அந்தப் புழுவின் உடம்பில் எதையும் கூட்ட முடியாது.

அடுத்தது கொழுப்பு. பெரும்பாலான ஒட்டுண்ணிக் குளவிகள் வளர்ந்த பிறகு தேனையோ பூந்தேனையோ எவ்வளவு குடித்தாலும், அதிலிருந்து உடம்பில் புதிதாகக் கொழுப்பைச் சேர்த்துக்கொள்வதில்லை. இளம்பருவத்தில் புழுவின் உடம்பிலிருந்து எடுத்த கொழுப்பை வைத்துத்தான் ஆயுள் முழுக்க ஓட்ட வேண்டும். முட்டை உருவாவதற்கும் அதிலிருந்துதான் செலவு. நோஞ்சான் புழுவில் வளர்ந்த குளவி கூண்டுக்குள் நன்றாகவே தெரியும், தேன் கொடுத்தால் சுறுசுறுப்பாகவும் இருக்கும். வயலுக்குப் போய்த் தேன் கிடைக்காத முதல் நாளிலேயே சாயம் வெளுத்துவிடும்.

மூன்றாவது, ஆணா பெண்ணா என்பது. இந்தக் குளவிகளில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும். எதை இடுவது என்பதைத் தாய்க்குளவி பெருமளவு தானே தீர்மானிக்கிறது. பல இனங்களில் சிறிய புழு கிடைத்தால் ஆண் முட்டையையும், பெரிய புழு கிடைத்தால் பெண் முட்டையையும் வைக்கும். பூச்சியைக் கொல்வது பெண் குளவிதான். தீனி குறைந்து புழு சிறுத்தால், அடுத்த தலைமுறையில் வேலைக்கு ஆகாத ஆண்கள் கூடிவிடும்.

ஓம்புயிரி, அதாவது குளவி எதில் வளர்கிறதோ அந்தப் பூச்சி, எதுவென்பது குளவியின் உருவத்தையே மாற்றிவிடும் என்பதற்கு, ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஜார்ஜ் சால்ட் 1930-களில் கண்டது நல்ல சான்று. டிரைக்கோகிரம்மா செம்பிளிடிஸ் என்ற இனத்தின் ஆண், அந்துப்பூச்சி முட்டையில் வளர்ந்தால் இறக்கையோடு வருகிறது. நீரோரம் வாழும் சியாலிஸ் என்ற பூச்சியின் முட்டையில் வளர்ந்தால் இறக்கையே இல்லாமல் வருகிறது. தீனியால் இப்படிக் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் நம் கூடத்தில் வராது. அளவிலும் ஆயுளிலும் நடக்கும் மாற்றம் அளந்து பார்த்தால்தான் தெரியும்.

படி 1: தானியத்தைத் தேர்ந்தெடுங்கள்

தமிழ்நாட்டில் கார்சைராவுக்குக் கம்புதான் வழக்கம், அதை மாற்ற வேண்டிய அவசியமில்லை. ஒவ்வொரு மணியும் இரண்டு மூன்று துண்டாகும்படி உடைத்தால் போதும். மாவாகிவிட்டால் காற்றோட்டம் குறைந்து கட்டிபிடிக்கும், பூசணமும் வரும். முழு மணியாக விட்டால் பொரித்த இளம்புழு உள்ளே நுழையத் திணறி, தொடக்கத்திலேயே பல செத்துப்போகும்.

விதைக்கென்று பூச்சிமருந்து கலந்து வைத்த கம்பு தவறியும் வரக்கூடாது. சூடு காட்டினால் மருந்து போய்விடும் என்று நம்பிவிடாதீர்கள். புதிய மூட்டை வந்தால் ஒரு கைப்பிடியை உடைத்துச் சிறு டப்பாவில் போட்டு, கொஞ்சம் இளம்புழுக்களை விட்டு ஒரு வாரம் பாருங்கள். புழு நூல் நூற்றுத் தின்னத் தொடங்கினால் மூட்டையைப் பிரிக்கலாம். ஒரு வாரம் தாமதமானால் பரவாயில்லை. அரைகுறை மருந்து உள்ள தானியம் புழுவை உடனே கொல்லாமல் வளர்ச்சியை மட்டும் குறைத்தால், அது மாதக்கணக்கில் தெரியாது.

படி 2: கலவை

வேளாண் பல்கலைக்கழக முறையில் ஒரு டிரேக்கு 2.5 கிலோ உடைத்த கம்பு. 100 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கி ஆறவைத்து, 100 கிராம் உடைத்த நிலக்கடலைப் பருப்பு, 5 கிராம் ஈஸ்ட், 5 கிராம் நனையும் கந்தகத்தூள் சேர்ப்பார்கள். 0.05 சதவீத ஸ்ட்ரெப்டோமைசின் கரைசலை 10 முதல் 20 மில்லி வரை தெளித்து, அதன்மேல் 0.5 சி.சி. கார்சைரா முட்டையைத் தூவி, காடா துணியால் மூடிக் கட்டிவிடுவார்கள்.

இந்தப் பட்டியலில் விலையைப் பார்த்து முதலில் கைவைக்கப்படுவது நிலக்கடலையும் ஈஸ்டும். அந்த இரண்டையும் தொடாதீர்கள் என்பதுதான் இந்த வழிகாட்டியில் நான் அழுத்திச் சொல்வது. நிலக்கடலை கொழுப்பையும் புரதத்தையும் தருகிறது. புழுவின் உடம்பில் சேரும் கொழுப்புதான் முட்டையின் மஞ்சள்கருவாக, பின்னர் குளவியின் இருப்பாக மாறுகிறது. ஈஸ்ட் பி வகை வைட்டமின்களையும் ஸ்டீராலையும் தருகிறது. பூச்சிகளால் ஸ்டீராலைத் தாமாகவே உண்டாக்கிக்கொள்ள முடியாது, தீனியிலிருந்துதான் எடுக்க வேண்டும். தோலுரித்து வளரத் தேவையான ஹார்மோனே அதிலிருந்துதான் உண்டாகிறது. வெறும் கம்பிலும் கார்சைரா வளரும், அந்துப்பூச்சியும் வரும். அதனால்தான் இந்தக் குறை கண்ணில் படுவதில்லை.

நிலக்கடலை காறலாகவோ பூசணம் பிடித்தோ இருந்தால் அதைப் போடுவதைவிடப் போடாமல் இருப்பது மேல். கந்தகம் சிலந்திப்பேனுக்காக, ஸ்ட்ரெப்டோமைசின் பாக்டீரியாவுக்காக. இரண்டும் சத்தில் சேராது. மருந்துக்கடையில் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைக்கவில்லை என்று டெட்ராசைக்ளின் போன்ற வேறொன்றைப் போடும் பழக்கம் வேண்டாம். சில டிரைக்கோகிரம்மா வகைகள், தம்முள் வாழும் வோல்பேக்கியா என்ற பாக்டீரியாவின் உதவியால் இணை சேராமலேயே பெண்களை ஈனுகின்றன. அவற்றுக்கு டெட்ராசைக்ளின் கொடுத்து அந்தப் பாக்டீரியாவை அழித்தால் ஆண்கள் பிறக்கத் தொடங்கும் என்பது 1990-லேயே நிறுவப்பட்டது. மருந்தை மாற்றுவதும் தீனியை மாற்றுவதுதான்.

படி 3: நெருக்கத்தைக் கட்டுப்படுத்துங்கள்

ஒரு சி.சி.யில் சுமார் 16,000 முதல் 18,000 முட்டை இருக்கும். ஆக 0.5 சி.சி. போட்டாலே எட்டாயிரத்துக்கு மேல். கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் கூடுதல் அந்து வரும் என்று தோன்றும். எண்ணிக்கை வரலாம், உடம்பு வராது. கலவை அதேதான், ஆனால் ஒவ்வொரு புழுவுக்கும் கிடைக்கும் பங்கு குறைந்துவிடுகிறது. போதாததற்கு, நெருக்கமான டிரே தன் சூட்டிலேயே வெந்துபோகும். வளர்ந்த புழுக்கள் நிறைந்த டிரேக்குள் விரலை விட்டுப் பாருங்கள், அறையைவிடச் சூடாக இருப்பது கைக்கே தெரியும். டிரேக்களை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்காமல் காற்று ஓட இடம் விடுங்கள்.

படி 4: அந்துப்பூச்சியிலிருந்து அட்டைக்கு

அந்து வெளிவந்ததும் முட்டையிடும் டிரம்மில் விட்டு, தேனும் தண்ணீரும் வைட்டமின் ஈ-யும் கலந்த கரைசலைப் பஞ்சில் நனைத்துக் கொடுப்பார்கள். முட்டை எண்ணிக்கைக்கு இது உதவும். ஆனால் புழுப் பருவத்தில் சேராத சத்தை இதனால் ஈடுகட்ட முடியாது.

ஒரு டிரேயிலிருந்து ஒன்றரை மாதத்துக்கு மேல் அந்து வந்துகொண்டே இருக்கும். கடைசியில் வருபவை, தீனி தீர்ந்து எச்சமும் நூலுமாகக் கிடக்கும் டிரேயில் வளர்ந்தவை, சிறுத்துத்தான் இருக்கும். அவற்றின் முட்டையைத் தனியாக வைத்து, திரும்ப டிரேயில் தூவுவதற்கோ தாய் அட்டைக்கோ (அடுத்த தலைமுறைக் குளவிகளுக்காகக் கூடத்திலேயே வைக்கும் அட்டை) எடுக்காமல் விடுங்கள். நல்ல முட்டை தாய் அட்டைக்கும் அடுத்த டிரேக்கும் போகட்டும்.

புற ஊதா விளக்கில் காட்டி முட்டையின் கருவைச் செயலிழக்கச் செய்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைத் தவறவிட்டால் ஒட்டுண்ணி ஏறாத முட்டையில் பொரிக்கும் புழு, ஒட்டுண்ணி ஏறிய முட்டைகளைத் தின்றுவிடும். அட்டையில் ஒட்டுண்ணி ஏறிய முட்டைகள் மூன்று நான்கு நாளில் கறுத்துவிடும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒன்றிரண்டு முட்டை சுருங்கிக் குழிவிழுந்து கிடக்கும். அவை கூடுகிற தொகுதியைக் குறித்துவைத்து, அது எந்த டிரேயிலிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள்.

படி 5: பிரக்கான், கோனியோசஸ் வளர்க்கப் புழு பொறுக்குதல்

முட்டை ஒட்டுண்ணியைவிட இங்கே தீனியின் விளைவு நேரடியாகத் தெரியும். கண்ணாடிச் சிம்னியின் வாயில் இரண்டு துணிகளுக்கு நடுவே கார்சைரா புழுக்களை வைத்துப் பிரக்கானை விடும் முறையில், குளவி துணி வழியாகவே கொட்டி முட்டையிடும். முட்டையிடாத புழுக்களையும் கொட்டிச் செயலிழக்க வைக்கும், புழுவின் உடம்புச் சாற்றைக் குடிக்கவும் செய்யும். அந்தச் சாறுதான் அதற்கு அடுத்த முட்டைகளுக்கான புரதம். ஆக மெலிந்த புழு, தாயையும் பிள்ளையையும் சேர்த்துப் பட்டினி போடுகிறது.

தென்னை கருந்தலைப்புழுவுக்கு விடும் கோனியோசஸ் நெஃபான்டிடிஸ் இன்னும் நுணுக்கமானது. பெண் குளவி ஒரு புழுவைக் கொட்டி அடக்கிய பிறகு உடனே முட்டையிடாது, அதன் மேல் ஊர்ந்தும் தொட்டும் அளந்து பார்க்கும். ஓரிரு நாள் கழித்து, புழுவின் பருமனுக்கு ஏற்ற எண்ணிக்கையில் முட்டையிட்டு, குஞ்சுகள் வளரும்வரை பக்கத்திலேயே காவல் இருக்கும். வேறொரு பெண் குளவி வந்தால் சண்டை நடக்கும், பெரும்பாலும் உடம்பு பெரிய குளவிதான் வெல்லும். தோப்பில் இலைக்கு அடியில் ஒரு புழுவைக் கண்டுபிடித்துத் தக்கவைத்துக்கொள்ள வேண்டிய பூச்சிக்கு உடம்பளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

புழு பொறுக்கும்போது நன்கு வளர்ந்த, பளபளப்பான, தொட்டால் துள்ளும் புழுக்களை எடுங்கள். கூட்டுப்புழுவாகும் தறுவாயில் சுருங்கிப்போனவை வேண்டாம். 50 புழுக்களைச் சேர்த்து மின்தராசில் எடைபோட்டு எழுதி வையுங்கள். சில தொகுதிகள் போனதும் உங்கள் கூடத்தின் வழக்கமான எடை தெரிந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் ஒட்டுண்ணிக்கு அனுப்பும் முன் கலவையைப் பாருங்கள்.

பிரக்கான் அறையும் கார்சைரா அறையும் தனித்தனியாக இருக்கட்டும். ஒரு பெண் பிரக்கான் தப்பிவந்தால் டிரேக்குள் புகுந்து நாசம் செய்துவிடும்.

படி 6: தீனியா, வேறு காரணமா?

ஆண்கள் கூடிவிட்டால் உடனே தீனியின்மேல் பழி போடக்கூடாது. பிரக்கான் ஹெபெட்டரில் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்ந்துகொண்டிருந்தால், பெண்ணாக வேண்டிய கருவுற்ற முட்டைகளில் ஒரு பங்கு பயனற்ற ஆணாகிவிடும். அப்போது தீனியை எவ்வளவு உயர்த்தினாலும் பலன் இல்லை. வயலிலிருந்து புதிய குளவிகளைச் சேர்க்க வேண்டும். கோனியோசஸ் நெஃபான்டிடிஸுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே ஒரே கூடத்தில் இரண்டிலும் ஆண்கள் கூடினால் புழுவின் மேலும் தீனியின் மேலும் சந்தேகப்படலாம். பிரக்கானில் மட்டும் கூடினால் முதலில் தாய்க் கூட்டத்தைப் பாருங்கள்.

தீனியைச் சோதிக்க ஒரே நாளில், ஒரே முட்டைத் தொகுதியிலிருந்து, ஒரே அறையில் இரண்டு கலவைகளைப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று டிரேயாவது வேண்டும். புழுவின் எடை, ஒட்டுண்ணி ஏறிய சதவீதம், குளவி வெளிவந்த சதவீதம், பெண்களின் பங்கு, சுருண்ட இறக்கையோடு வந்தவை, இத்தனையும் குறியுங்கள். டிரைக்கோகிரம்மாவில் ஆணின் உணர்கொம்பில் நீண்ட மயிர்கள் இருக்கும், பெண்ணுடையது நுனி தடித்துக் கதைபோல் இருக்கும். சாதாரண நுண்ணோக்கியிலேயே பிரித்துவிடலாம்.

அப்புறம் ஒரு சோதனை, பலரும் செய்யாதது. புதிதாக வந்த பெண் குளவிகளில் ஒரு பகுதிக்குத் தேன் கொடுங்கள், இன்னொரு பகுதிக்கு எதுவும் கொடுக்காதீர்கள். தேன் குடித்தவை எல்லாக் கலவையிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு நாட்கள் வாழக்கூடும். தேன் இல்லாதவை எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கின்றன என்பதுதான் புழுவிலிருந்து எடுத்துவந்த இருப்பைக் காட்டும். இரண்டு கலவைகளுக்கும் உண்மையான வித்தியாசம் இருந்தால் அங்கே தெரியும்.

படி 7: வாசனை பழக்குங்கள்

ஒட்டுண்ணிக் குளவி புழுவைப் பெரும்பாலும் கண்ணால் தேடுவதில்லை. புழுவின் எச்சம், அந்துப்பூச்சியின் செதில், கடிபட்ட இலை விடும் வாசனை, இவற்றை வைத்துத் தேடுகிறது. மக்காச்சோளத்தில் புழு கடித்த செடி விடும் வாசனை கொட்டீசியா குளவியை வரவழைக்கிறது என்று டெட் டர்லிங்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990-இல் காட்டினார்கள். புழு எதைத் தின்றதோ அந்த வாசனை அதன் எச்சத்தில் இருக்கும், கூட்டிலும் ஒட்டியிருக்கும். அதையொட்டிப் பிறந்த குளவி அதைக் கற்றுக்கொள்ளவும் செய்யும். கம்பும் கடலையும் தின்ற புழுவில் பிறந்த குளவிக்குத் தென்னையோலை வாசனை புதிது.

தீர்வு எளிது. கருந்தலைப்புழு, ஓலையின் அடிப்பக்கத்தில் நூலும் எச்சமும் சேர்த்துக் கட்டும் கூட்டைத் தோப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துவந்து, கோனியோசஸை விடுவதற்கு முன் அதன் வாசனை படும்படி வையுங்கள். தேனும் கொடுத்து, இணை சேர்ந்த பிறகு கொண்டுபோங்கள்.

படி 8: வயலில் பூச்சி தின்னும் பயிரைப் பாருங்கள்

தக்காளிச் செடியில் உள்ள டொமாட்டின் என்ற பொருளைச் செயற்கைத் தீனியில் கலந்து, நம் ஊர்க் காய்ப்புழுவின் அமெரிக்க உறவினமான புழுவுக்குக் கொடுத்தார்கள். அதற்குள் வளர்ந்த ஹைப்போசோட்டர் குளவிகள் சிறுத்தன, பல செத்தன. தீனியில் ஸ்டீராலைக் கூட்டியபோது பாதிப்பு குறைந்தது. 1979-லும் 1981-லும் வெளியான ஆய்வுகள் அவை. புகையிலையின் நிக்கோட்டினும் கொம்புப்புழு வழியாகக் கொட்டீசியாவைப் பாதிக்கிறது. பூச்சியை எதிர்க்கும் செடியே பூச்சிக்குள் இருக்கும் நம் நண்பனையும் தாக்கக்கூடும். கொண்டைக்கடலையில் இன்னொரு விதம்: இலையின் மேலுள்ள அமிலமே டிரைக்கோகிரம்மாவுக்கு ஆகாது. அங்கே அட்டை கட்டிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

மரவள்ளி மாவுப்பூச்சியின் கதை நமக்கு நேரடியாகப் பொருந்தும். 1970-களில் ஆப்பிரிக்காவில் புகுந்து மரவள்ளியை அழித்த அந்தப் பூச்சிக்கு, பராகுவே நாட்டிலிருந்து அனகைரஸ் லோபெசி குளவியைக் கொண்டுவந்து 1981 முதல் விட்டார்கள். அந்தத் திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெர்ரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பெரும்பாலான இடங்களில் பூச்சி அடங்கியது. சத்தில்லாத மணற்பாங்கான நிலங்களில் மட்டும் அடங்கவில்லை. வறண்ட செடியில் மாவுப்பூச்சிகள் சிறுத்தன, சிறிய பூச்சியில் குளவி ஆண் முட்டையாக இட்டது, பெண்கள் குறைந்து குளவிக் கூட்டம் எழவே இல்லை. மூடாக்கு போட்டு மண்ணுக்கு உரம் கொடுத்த இடங்களில் செடி தேறியது, பூச்சியும் பருத்தது, பெண் குளவிகள் கூடின, கட்டுப்பாடும் வந்தது. பூச்சி நன்றாக வளர்ந்தால் நமக்கு நல்லது என்பது விவசாயியின் காதுக்கு விபரீதமாகப் படும். ஆனால் நடந்தது அதுதான்.

இந்தியாவில் இந்த மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் தெரிந்து, தமிழ்நாட்டுக்கும் பரவியது. பெனின் நாட்டிலிருந்து வரவழைத்த அனகைரஸ் லோபெசி, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் விடப்பட்டது. மானாவாரி மரவள்ளி வைத்திருப்பவர்கள் குளவியை வாங்கும்போதே தொழுவுரத்துக்கும் மூடாக்குக்கும் வழி செய்துகொள்ளுங்கள். விட்ட பிறகு அவ்வப்போது வயலில் உப்பிக் கெட்டிப்பட்ட மாவுப்பூச்சிகளைப் பொறுக்கி, துணி மூடிய பாட்டிலில் வையுங்கள். குளவிகள் வந்ததும் பிரித்து எண்ணுங்கள், ஆணின் உணர்கொம்பில் நீண்ட மயிர் இருக்கும். ஆண்களே அதிகம் வந்தால், இன்னொரு முறை குளவி கேட்டு எழுதும் முன் செடிக்கு என்ன பற்றாக்குறை என்று பாருங்கள். உரமும் ஈரமும் கொடுத்து, துளிரில் இருக்கும் மாவுப்பூச்சிகள் பருத்த பிறகு மறுபடி பொறுக்கி எண்ணிவிட்டு, அதற்கப்புறம் முடிவு செய்யலாம்.